அளக்கும் கருவியும் அளவான கருவியும்

சென்ற திங்கள் நம் மன்றத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், அவரவர் பயிலும் துறையைப் பற்றிப் பேசும் வரிசையில் என் முறை வந்தது. எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் எதிரெதிராகச் செலுத்தி மோதவிடும் பெரும் பொறிகளைப் பற்றிச் சிறிது சொன்னேன். முடிந்ததும் பொருளாதாரம் பயிலும் நண்பர் ஒருவர் எழுந்தார். "மோத விடுவது புரிகிறது. ஆனால் அங்கே பிறக்கும் துகள் கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட நில்லாமல் மறைகிறது என்கிறீர்கள். மறைந்ததை எப்படி அளப்பது? அதற்கு ஏன் நான்கைந்து மாடி உயரக் கருவி? கருவி பெரிதாகப் பெரிதாக அளவும் நுட்பமாகும் என்பதுதான் உங்கள் கணக்கா?" என்று கேட்டார்.

நேரமாகிவிட்டது, காபியும் ஆறிக்கொண்டிருந்தது. "ஏறத்தாழ அப்படித்தான்" என்று சொல்லி அமர்ந்துவிட்டேன்.

அந்த விடை தவறு. ஓராண்டுக்கு முன் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு விலையாக என் ஆராய்ச்சியில் மூன்று மாதங்களை இழந்தேன். நண்பருக்குத் தரவேண்டிய சரியான விடையை இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

ஏன் எலெக்ட்ரானும் பாசிட்ரானும்?

இன்று உலகிலேயே மிகுந்த ஆற்றலுள்ள மோதல்கள் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் நிகழ்பவை. அங்கே மோதுபவை புரோட்டான்கள். புரோட்டானோ ஒரு மூட்டை போன்றது. அதனுள் குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் உள்ளன. இரண்டு மூட்டைகளை மோதவிட்டால், எந்த மணி எந்த மணியோடு எவ்வளவு வேகத்தில் மோதியது என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

எலெக்ட்ரான் அப்படியன்று. அதற்கு உட்பகுதி இருப்பதாக இன்றுவரை எந்தச் சோதனையும் காட்டவில்லை. பாசிட்ரான் அதன் எதிர்த்துகள். இரண்டும் சேர்ந்து அழியும்போது, அவற்றின் ஆற்றல் முழுவதும் புதிய துகள்களைப் படைப்பதற்குக் கிடைக்கிறது. போட்ட முதல் எவ்வளவு என்பது நமக்கு நன்றாகத் தெரியும்.

இவ்வகைப் பொறிகளுள் முதலாவதை 1961-இல் இத்தாலி நாட்டுப் பிராஸ்காட்டியில் புருனோ துஷெக் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் அமைத்தனர். அது ஒரு சிறிய அறைக்குள் அடங்கக் கூடியது. அதன் வழிவந்த லெப் என்ற பொறி 27 கிலோமீட்டர்ச் சுற்றளவுள்ள சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை செர்னில் இயங்கியது. அதன் நான்கு உணர்கருவிகளும் சேர்ந்து 1 கோடியே 70 இலட்சம் இசட் துகள்களை ஆராய்ந்தன. கருவியில் சிக்காமலே தப்பிச் செல்லும் நியூட்ரினோக்கள் எத்தனை வகை என்ற கேள்விக்கு, 'மூன்றே வகை' என்ற விடையை உறுதிப்படுத்தியவை அந்த அளவீடுகளே. ஒரு நியூட்ரினோவையும் பிடிக்காமல் அவற்றை எண்ண முடிந்தது எப்படி? கணக்கில் குறைந்த பங்கைக் கொண்டுதான்.

மீதிக் கணக்கு

சிறு வயதில் அம்மா என்னிடம் நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புவார். பருப்பு என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்பது அவருக்கு மனப்பாடம். நான் திரும்பி வந்து மீதிச் சில்லறையை வைத்தால் போதும். வழியில் என்ன வாங்கித் தின்றேன் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். நான் தின்றதை அவர் பார்க்கவேண்டிய தேவையே இல்லை.

இதே கணக்கால் ஹிக்ஸ் துகளை ஆராயலாம். 2012 ஜூலை 4-ஆம் நாள் செர்னில் கண்டதாக அறிவிக்கப்பட்ட இத்துகளின் நிறை, ஆற்றல் அளவில், 125 ஜி.இ.வி. ஒரு ஜி.இ.வி. என்பது நூறு கோடி எலெக்ட்ரான் வோல்ட்டு. எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் மொத்தம் 250 ஜி.இ.வி. ஆற்றலுடன் மோதவிட்டால், சில வேளைகளில் ஓர் இசட் துகளும் ஒரு ஹிக்ஸ் துகளும் சேர்ந்து பிறக்கும். இசட் சில சமயம் இரண்டு மியூவான்களாகச் சிதையும். மியூவான்களை அளப்பது எளிது. அவற்றின் ஆற்றலைக் கூட்டினால் 110.4 ஜி.இ.வி. வருகிறது என்று கொள்வோம். 250-இலிருந்து அதைக் கழித்தால் மீதி 139.6. அதில் ஒரு பகுதி, இசட்டுக்கு எதிர்த்திசையில் ஓடும் துகளின் இயக்கத்துக்கு உரியது. சார்பியல் விதிப்படி அதையும் நீக்கினால் எஞ்சும் நிறை 125. அங்கே ஹிக்ஸ் பிறந்திருக்கிறது!

இதில் ஒரு சிறப்பு உண்டு. ஹிக்ஸ் பின்னர் என்ன ஆயிற்று என்று நாம் பார்க்கவே இல்லை. அது எதுவாகச் சிதைந்தாலும் மீதி மாறாது. எந்தக் கருவிக்கும் அகப்படாத ஒரு பொருளாக, அண்டத்தில் நிறைந்துள்ளதாகக் கருதப்படும் இருண்ட பொருளாகவே அது சிதைந்தாலும், 125 என்ற மீதி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். இத்தகைய பொறிக்காக அறிவியலார் பல்லாண்டுகளாக வாதாடி வருவதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பருப்பின் விலை பத்து ரூபாய் முன்பின்னாகத் தெரிந்தால், நான் தின்ற ஐந்து ரூபாய் மிட்டாய் அம்மாவின் கணக்கில் அகப்படாது. காணாததைக் கணக்கிட வேண்டுமானால் கண்டதை மிக நுட்பமாக அளக்க வேண்டும்.

ஏழு மைக்ரான்

மியூவானின் உந்தத்தை அளப்பதற்கு அதைக் காந்தப் புலத்தில் ஓடவிடுகிறோம். மின்னேற்றமுள்ள துகளின் பாதை அங்கே வளைகிறது. மெதுவாகச் செல்வது மிகுதியாகவும் விரைந்து செல்வது சிறிதாகவும் வளையும். வளைவிலிருந்து உந்தத்தைக் கணக்கிடுகிறோம்.

நேர்க்கோட்டு மோதுபொறி ஒன்றுக்காகச் செர்ன் நிலையத்தில் வரைந்த உணர்கருவியை எடுத்துக்கொள்வோம். அதில் காந்தத்தின் வலிமை 4 டெஸ்லா. அது பூமியின் காந்தப் புலத்தைப்போல ஏறத்தாழ 80,000 மடங்கு. துகளின் தடத்தைப் பின்பற்றும் பகுதியின் ஆரம் 1.5 மீட்டர். 50 ஜி.இ.வி. உந்தமுள்ள மியூவான் இதில் செல்லும் பாதை, ஏறத்தாழ 42 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. அதன் இரு முனைகளையும் நேர்க்கோட்டால் இணைத்தால், பாதையின் நடுப்பகுதி அக்கோட்டிலிருந்து 7 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே விலகியிருக்கும். உந்தத்தை ஆயிரத்தில் ஒரு பங்குப் பிழையோடு அளக்க விரும்பினால், அந்த விலகலை 7 மைக்ரானுக்குள் அறிந்தாக வேண்டும். நம் தலைமயிரின் தடிப்பில் இது பத்தில் ஒரு பங்கு.

இவ்விடத்தில் நண்பர் சொன்னது சரியே. காந்தத்தை இரு மடங்காக்கினால் வளைவும் இரு மடங்காகும். ஆரத்தை இரு மடங்காக்கினாலோ, விலகல் நான்கு மடங்காகும். பெரிதாகப் பெரிதாக நன்மை. ஆனால் பெருங்காந்தத்தின் செலவும் உடன் வளரும். ஆகவே விரும்பியபடியெல்லாம் பெருக்க முடியாது. இதனினும் பெரிய தடை ஒன்று கருவியின் நட்டநடுவில் இருக்கிறது. அங்கேதான் நான் இடறினேன்.

நான் இழந்த மூன்று மாதம்

ஹிக்ஸ் நூற்றுக்கு 58 முறை பாட்டம் குவார்க் இணையாகச் சிதைகிறது. சார்ம் குவார்க் இணையாகச் சிதைவது நூற்றுக்கு மூன்று முறைதான். இந்த மூன்றை அந்த 58-இலிருந்து பிரித்தெடுத்தால், நிறை குறைந்த குவார்க்குகளுக்கும் நிறையைத் தருவது ஹிக்ஸ்தானா என்று சோதிக்கலாம். புரோட்டான் மோதல்களின் இரைச்சலுக்கிடையே இதைச் செய்வது மிகக் கடினம்.

பிரிப்பது எவ்வாறு? பாட்டம் குவார்க்கை உடைய துகள், ஒரு நொடியை இலட்சங்கோடியாகப் பகுத்தால் அதில் ஒன்றரைப் பங்கு நேரமே வாழும். அதற்குள் சில மில்லிமீட்டர் ஓடிவிடும். சார்ம் துகள்களின் வாழ்நாள் பொதுவாக இன்னும் குறைவு. எனவே, சிதைவில் தோன்றும் துகள்களின் தடங்களைப் பின்னோக்கி நீட்டி, அவை பிறந்த இடத்தைச் சில மைக்ரான் நுட்பத்தில் காணவேண்டும். இதற்கென மோதல் நிகழும் குழாயை ஒட்டிச் சிலிக்கன் அடுக்குகளை வைப்பார்கள். முதல் அடுக்கு, துகள்கள் மோதும் அச்சிலிருந்து ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கும். அதன் பரப்பு, பக்கத்துக்கு இருபது மைக்ரான் போன்ற நுண்கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்.

அந்த அடுக்குகளைக் கணிப்பொறியில் அமைத்து, பாட்டமும் சார்மும் எவ்வளவு தெளிவாகப் பிரிகின்றன என்று காண்பதே பேராசிரியர் எனக்குத் தந்த வேலை. 50 மைக்ரான் தடிப்புள்ள சிலிக்கன் அடுக்குகள் ஆறு வரைந்தேன். கணிப்பொறி இரவெல்லாம் ஓடியது. விடை மிக அழகாக வந்தது. இன்னும் இரண்டு அடுக்குகளைச் சேர்த்தால் இன்னும் அழகாகும் என்று எண்ணிச் சேர்த்தேன். மூன்று மாத உழைப்பின் வரைபடங்களை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனேன்.

அவர் வரைபடங்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டே கேள்விகள் கேட்டார்: "இந்தச் சிலிக்கனுக்கு மின்சாரம் எந்த வழியாக வருகிறது? உண்டாகும் வெப்பம் எந்த வழியாகப் போகிறது?"

நான் கம்பிகளை வரையவில்லை. குளிர்விக்கும் குழாயை வரையவில்லை. சிலிக்கனைத் தாங்கும் சட்டத்தையும் வரையவில்லை. என் அடுக்குகள் வெற்றிடத்தில் எதன்மீதும் நில்லாமல், எதையும் உண்ணாமல், வேர்வையும் சிந்தாமல் வேலை செய்துகொண்டிருந்தன!

விடுபட்டவற்றைச் சேர்த்தேன். செப்புக் கம்பி, நீர்க்குழாய், கரியிழைச் சட்டம் எல்லாம் சேர்ந்தபோது, ஓர் அடுக்கில் துகளின் வழியில் நிற்கும் பொருள் ஒன்பது மடங்காயிற்று. இதனால் வரும் கேட்டை விளக்குகிறேன். திருவிழாக் கூட்டத்தினூடே நடப்பவன் நேர்க்கோட்டில் போக முடியாது. பலர்மீது இடித்து இடித்துச் சிறிது சிறிதாகத் திசை மாறுவான். துகளும் பொருளினூடே செல்லும்போது அணுக்கருக்களின் மின்விசையால் இப்படித் திசை மாறுகிறது. பொருள் ஒன்பது மடங்கானால் இந்தச் சிதறல் ஏறத்தாழ மும்மடங்காகும். 1 ஜி.இ.வி. உந்தமுள்ள துகளைப் பின்னோக்கி நீட்டிப் பிறப்பிடம் தேடினால், முன்பு முதல் அடுக்கால் வந்த பிழை மூன்றரை மைக்ரான்; இப்போது பன்னிரண்டு. விரைந்து செல்லும் துகள்களுக்கு இந்தக் கேடு சிறிது. ஆனால் சிதைவில் தோன்றுபவற்றுள் பல, மெதுவாகச் செல்பவை. பாட்டமும் சார்மும் மீண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. நான் ஆசையோடு சேர்த்த கூடுதல் அடுக்குகள் மெதுவான துகள்களுக்கு உதவியதைவிடக் கெடுத்ததே மிகுதி.

பொருளின் அளவைப் போலவே அதன் தன்மையும் கருதத் தக்கது. துகளின் வழியில், 1 மில்லிமீட்டர்ச் செம்பு ஆறரை மில்லிமீட்டர்ச் சிலிக்கனுக்குச் சமம். 25 மில்லிமீட்டர்ப் பெரிலியத்துக்கும் சமம். மோதல் குழாயின் நடுப்பகுதியைப் பெரிலியம் என்னும் இலேசான உலோகத்தால் செய்வது இதனால்தான்.

அன்று முதல் என் குறிப்பேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் வரைந்திருக்கிறேன். ஒன்றில் 'தருவது', மற்றதில் 'கெடுப்பது'.

ஓய்வுள்ள பொறியும் ஓயாத பொறியும்

வெப்பத்தை வெளியேற்ற நீர்க்குழாய் வேண்டுமென்றால், வெப்பமே உண்டாகாமல் தடுக்க முடியாதா? ஒருவகைப் பொறியில் முடியும். ஜப்பானில் அமைப்பதற்கென முன்மொழியப்பட்ட நேர்க்கோட்டு மோதுபொறியின் தொழில்நுட்ப அறிக்கை 2013-இல் வெளியாயிற்று. அதில் துகள்கள் நொடிக்கு ஐந்து முறை கூட்டங் கூட்டமாக வரும். ஒவ்வொரு வருகையும் ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரமே. மற்ற நேரமெல்லாம் ஓய்வு. அந்த ஓய்வில் மின்சுற்றுகளை அடக்கி வைத்தால் வெப்பம் மிகக் குறையும். காற்றோட்டமே போதும், நீர்க்குழாய் வேண்டாம்.

செர்ன் நிலையம் 91 கிலோமீட்டர்ச் சுற்றளவில் ஒரு வட்டப் பொறியையும் திட்டமிட்டு, அதன் சாத்தியக்கூற்று அறிக்கையை 2025-இல் வெளியிட்டது. அதில் துகள்கள் ஓயாமல் மோதிக்கொண்டே இருக்கும். மின்சுற்றுக்கு ஓய்வில்லை. அன்றியும், இரு கற்றைகளும் சற்றே சாய்ந்து சந்திப்பதால், உணர்கருவியின் காந்தம் மிக வலிதாக இருந்தால் கற்றையையே கெடுத்துவிடும். ஆகவே காந்தத்தை 2 டெஸ்லாவுக்குள் நிறுத்தினார்கள். முன் சொன்ன 4 டெஸ்லாக் கருவியை வட்டப் பொறிக்கு ஏற்ப மாற்றியபோது என்ன செய்தார்கள் தெரியுமா? காந்தம் பாதியானதை ஈடுசெய்ய, தடம் பற்றும் பகுதியின் ஆரத்தை 1.5 மீட்டரிலிருந்து 2.15 மீட்டராக்கினார்கள். ஆரத்தின் வர்க்கம் இரு மடங்காகி, கணக்கு நேராயிற்று. ஓரிடத்தில் இழந்ததை வேறோரிடத்தில் பெறும் இந்தப் பேரமே வடிவமைப்பு எனப்படுவது.

நடுப்பகுதிக்கும் ஒரு நல்ல வழி பிறந்துள்ளது. செர்னின் ஆலிஸ் ஆய்வுக் குழுவினர், 50 மைக்ரானுக்கு மெலிதாக்கிய சிலிக்கனைத் தாளைப்போல் வளைத்துக் குழாயைச் சுற்றி நிறுத்தும் முறையை உருவாக்கி வருகிறார்கள். ஒரு தாளைத் தட்டையாகப் பிடித்துப் பாருங்கள், தொய்ந்துவிடும். சற்றே வளைத்துப் பிடியுங்கள், நிமிர்ந்து நிற்கும். வளைந்த சிலிக்கன் ஏறத்தாழத் தன்னைத்தானே தாங்கிக்கொள்வதால் சட்டத்தின் பெரும்பகுதி வேண்டாததாகிறது. குளிர்விக்கக் காற்றே போதும்.

யார் உண்டது எவ்வளவு?

தடம் பற்றும் பகுதிக்கு வெளியே நிற்பவை ஆற்றல் அளவிகள். குவார்க்குகள் தனித்து வெளிவருவதில்லை. துகள்களின் தாரையாகவே வருகின்றன. டபிள்யூ துகளின் நிறை 80.4, இசட்டின் நிறை 91.2. இரண்டும் தாரைகளாகச் சிதையும்போது இவற்றை வேறு பிரித்தறிய, தாரையின் ஆற்றலை நூற்றுக்கு மூன்று நான்கு பங்குப் பிழைக்குள் அளக்க வேண்டும். பழைய முறைகளால் இது எளிதன்று.

நம் விடுதி உணவுக் கூடத்தை எண்ணிப் பாருங்கள். இரவு எவ்வளவு உணவு செலவாயிற்று என்று காண, மீந்த சோற்றை நிறுத்துக் கழிப்பது ஒரு வழி. பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களின் கணக்கைப் பெயர்வாரியாக எடுத்துக்கொண்டு, கையெழுத்திடாத விருந்தினருக்கு மட்டும் தட்டைப் பார்த்துக் கணக்கிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியைத்தான் புதிய வடிவமைப்பாளர்கள் மேற்கொண்டார்கள். தாரையின் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு மின்னேற்றமுள்ள துகள்களுடையது; அவை தடம் பற்றும் பகுதியில் கையெழுத்திட்டுச் செல்கின்றன. 30 பங்கு போட்டான்களுடையது. எளிதில் அளக்க முடியாத நடுநிலைத் துகள்களுக்கு உரியது 10 பங்குதான்.

ஆனால் கையெழுத்திட்டவரின் தட்டும் விருந்தினரின் தட்டும் கலந்துவிடக் கூடாது. அதற்காக டங்ஸ்டன் தகடுகளுக்கிடையே 5 மில்லிமீட்டர்ச் சதுரங்களாகப் பகுத்த சிலிக்கனை அடுக்குகிறார்கள். இத்தகைய கட்டங்கள் பத்துக் கோடி அளவுக்குத் தேவைப்படும். இங்கே வேண்டுவது உள்ளே வரும் துகளை முற்றும் நிறுத்தும் கனம். நடுவில் பொருள் இருந்தால் கேடு. இங்கே பொருள் இல்லாவிட்டால் கேடு. ஒரே கருவிக்குள் இவ்விரண்டும் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் இடைவெளியில் வாழ வேண்டியிருக்கிறது.

யாருக்காக?

இவை வெறும் ஏட்டுக் கணக்குகள் அல்ல. ஜப்பானில் சுகுபா நகரில் 2018-இல் மோதல்களைத் தொடங்கிய பெல்-2 என்ற உணர்கருவி, எலெக்ட்ரான் பாசிட்ரான் மோதல்களைப் பதிவு செய்வது. அதன் மிக உட்புறச் சிலிக்கன் 75 மைக்ரானுக்கு மெலிதாக்கப்பட்டது. அதை அடுத்த சிலிக்கன் அடுக்குகளுள் ஒன்றை அமைத்தவர்கள் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார். சென்னை ஐ.ஐ.டி.யினரும் அந்தக் கூட்டாய்வில் பங்கு கொண்டவர்கள். அன்றைய லெப் பொறியின் எல்-3 உணர்கருவியிலும் டாட்டா நிலையத்தார் பணியாற்றினர். இத்துறை நம் நாட்டவர்க்கு எட்டாத ஒன்றன்று.

எனினும் நான் வரைந்துகொண்டிருக்கும் கருவிக்கு உரிய பொறி இன்னும் கட்டப்படவில்லை; கட்டுவதென்ற முடிவும் ஆகவில்லை. வட்டப் பொறி கட்டப்பட்டாலும் அது இயங்குவது 2040-களின் பிற்பகுதியில்தான். இன்று எனக்கு இருபத்துமூன்று வயது. அன்று நாற்பதைக் கடந்திருப்பேன். அம்மா தொலைபேசியில், "நீ செய்கிற மெஷின் எப்போதப்பா ஓடும்?" என்று கேட்கிறார். ஆண்டைச் சொன்னால் வருந்துவாரோ என்று நான் பேச்சை மாற்றிவிடுவது வழக்கம். சென்ற வாரம் உள்ளதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்து, "அப்படியானால் அவசரப்பட்டுத் தப்பாகப் போட்டுவிடாதே" என்றார். என் பேராசிரியரும் வேறு சொற்களில் அதைத்தான் சொன்னார்.

ஆகவே, நண்பரே, உங்கள் கேள்விக்கு என் திருத்திய விடை இது: கருவி பெரிதாக இருப்பது பாதையின் வளைவை அளப்பதற்கும், ஆற்றலை நிறுத்திக் கணக்கிடுவதற்கும். ஆனால் துகள் பிறக்கும் இடத்தருகே கருவி எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நுட்பம். எதைச் சேர்ப்பது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் போதுமாயிருந்தது. எதை விடுவது என்று இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இதிலும் ஐயமிருந்தால் அடுத்த ஞாயிறு கேளுங்கள். காபி வருமுன் கேட்டுவிடுங்கள். இம்முறை விடை சொல்லாமல் அமரமாட்டேன்.